ரஷ்ய அவான்-கார்ட் கலையை அறிமுகப்படுத்த எதிலிருந்து ஆரம்பிப்பது?

தூரிகை_2 கேட்டது:

வணக்கம். வடிவமைப்பு படிக்கும் முதலாண்டு மாணவர்கள் இருபது பேருக்கு ரஷ்ய அவான்-கார்ட் கலை (இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் புதுமைக் கலை) பற்றி நான்கு வகுப்புகள் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். கையில் இருக்கும் பாடத்திட்டம் மலேவிச்சின் "கருப்புச் சதுரம்" என்ற ஓவியத்தில் தொடங்கி, "புரட்சி வந்தது, கலைஞர்கள் மக்களுக்காக உழைத்தார்கள், ஸ்டாலின் காலத்தில் நின்றுபோனது" என்று மூன்று வரியில் முடிந்துவிடுகிறது. ஒரு கருப்புச் சதுரத்துக்கும் தொழிலாளியின் வாழ்க்கைக்கும் என்ன சம்பந்தம் என்று முதல் வகுப்பிலேயே கேட்பார்கள். அதற்கு நேரான பதில் வேண்டும்.

எனக்குத் தேவை மூன்று: எந்த வரிசையில் காட்டுவது, வகுப்பில் கையால் செய்துபார்க்க ஒரு பயிற்சி, பொதுவாக எங்கே தவறாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது. பயிற்சிக்கு அட்டை, பிளைவுட், பெயின்ட் எல்லாம் வாங்கித் தர முடியும்.

அச்சுமை எழுதியது:

கருப்புச் சதுரத்திலேயே ஆரம்பியுங்கள், தவறில்லை. ஆனால் படத்தைத் தனியாகக் காட்டாதீர்கள். அது தொங்கிய இடத்தைக் காட்டுங்கள். 1915 டிசம்பரில் பெத்ரோகிராதில் நடந்த "0,10" கண்காட்சியின் புகைப்படம் ஒன்று இருக்கிறது. இரண்டு சுவர்கள் சேரும் மூலையில், கூரையை ஒட்டி, குறுக்காகச் சதுரம் மாட்டப்பட்டிருக்கும். ரஷ்ய வீடுகளில் புனிதர் படம் வைக்கும் மூலை அது. அந்தப் புகைப்படத்தைப் பார்த்த பிறகு, மலேவிச் ஏதோ வேடிக்கைக்காக ஒரு கட்டத்தை அடைத்தார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பிறகு பக்கத்தில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். 79.5 சென்டிமீட்டருக்கு 79.5 சென்டிமீட்டர் கித்தான். கருப்பு முழுக்க வெடிப்பு விட்டிருக்கும், வெடிப்பின் உள்ளே வேறு நிறங்கள் எட்டிப் பார்க்கும். அடியில் வேறு படங்கள் இருக்கின்றன, மேல்பூச்சு போடும்போது கீழ்ப்பூச்சு முழுதாகக் காயவில்லை என்பதே காரணம். 2015-இல் த்ரெத்யாகோவ் அருங்காட்சியகம் செய்த ஆய்வில் அடியில் இரண்டு வண்ணப் படங்கள் இருப்பது தெரிந்தது. சதுரத்தின் பக்கங்களும் துல்லியமாக நேராக இல்லை, கையால் வரைந்தவை. பெரிய திரையில் புரொஜெக்டரில் போட்டால் இவை எல்லாம் மறைந்து வெறும் கருப்புக் கட்டம் ஆகிவிடும். பாதி மாணவர்கள் அங்கேயே ஆர்வம் இழப்பார்கள். நல்ல தெளிவுள்ள படத்தை அதே அளவில் அச்சடித்து, சுவர் மூலையில் குறுக்காக மாட்டுங்கள். ஏ3 தாள் ஆறை ஒட்டினால் போதும்.

இனி உங்கள் மாணவர்களின் கேள்வி. சதுரத்துக்கும் தொழிலாளிக்கும் நேரடிச் சம்பந்தம் எதுவும் கிடையாது, அதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். மலேவிச்சுக்குக் கலை எந்தப் பயன்பாட்டுக்கும் கட்டுப்படக் கூடாது. அதே கண்காட்சியில் அவரோடு முறைத்துக்கொண்டிருந்த விளாதிமிர் தாத்லின் இன்னொரு பக்கம். இரும்புத் தகடு, மரம், கம்பி, கயிறு இவற்றை மூலையில் இழுத்துக் கட்டி, ஓவியத்தின் சட்டத்தையே கழற்றிவிட்டார். "இந்தப் பொருளால் என்ன செய்ய முடியும்?" என்று அவர் கேட்டார். பின்னால் வந்த சமூக லட்சியம் முழுவதும் அந்தக் கேள்வியிலிருந்து கிளைத்ததுதான். ஆகவே முதல் வகுப்புக்கு இரண்டு மூலைகள் போதும், மலேவிச்சின் மூலையும் தாத்லினின் மூலையும்.

இரண்டாம் வகுப்புக்கு 1920-21. தாத்லினின் மூன்றாம் அகிலத்தின் (உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பு) நினைவுச்சின்னம்: 400 மீட்டர் உயரத்துக்குத் திட்டமிட்ட இரும்புச் சுருள் கோபுரம், உள்ளே கண்ணாடி அறைகள். கீழே கனசதுரம் ஆண்டுக்கு ஒரு சுற்று, மேலே பிரமிடு மாதத்துக்கு ஒரு சுற்று, அதற்கு மேல் உருளை நாளுக்கு ஒரு சுற்று. சட்டமன்றம் கீழே, நிர்வாகம் நடுவே, செய்தி நிலையம் மேலே. அரசாங்கத்தின் வேலை எந்த வேகத்தில் நடக்கிறதோ அந்த வேகத்தில் கட்டடம் சுற்றும். 1920 நவம்பரில் மர மாதிரி மட்டும்தான் காட்சிக்கு வந்தது.

ஏன் கட்டவில்லை என்பதைச் சொல்ல ஷூகவின் மாஸ்கோ வானொலிக் கோபுரத்தைப் பக்கத்தில் வையுங்கள். அது கைதேர்ந்த பொறியாளரின் வேலை, அரசே கேட்டு வாங்கியது. 350 மீட்டர் என்று தொடங்கி, உள்நாட்டுப் போரில் இரும்பு கிடைக்காமல் 1922-இல் சுமார் 150 மீட்டரில் முடிந்தது. அவசரத் தேவையான வானொலிக் கோபுரத்துக்கே அந்த நிலை என்றால் 400 மீட்டர் நினைவுச்சின்னத்துக்கு இரும்பு எங்கே இருந்து வரும்?

மூன்றாம் வகுப்புக்கு மாஸ்கோவின் இன்குக் கலைப் பண்பாட்டு நிறுவனத்தில் 1921 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நடந்த விவாதம். அமைப்பு (காம்போசிஷன்) வேறு, கட்டுமானம் (கன்ஸ்ட்ரக்ஷன்) வேறு என்பது விஷயம். பங்கெடுத்தவர்கள் ஒரே பொருளை இரண்டு விதமாக வரைந்து கொடுத்தார்கள், ஒன்று அமைப்பு, இன்னொன்று கட்டுமானம். தேவைக்கு மேல் ஒரு கோடோ துண்டோ இல்லாதது கட்டுமானம் என்பது பொதுவாக வந்து நின்ற இடம். கன்ஸ்ட்ரக்டிவிசம் என்ற பெயர் இந்தச் சூழலில்தான் குழுவின் பெயராக ஆனது. அதே ஆண்டு செப்டம்பரில் "5×5=25" கண்காட்சியில் அலெக்சாந்தர் ரோட்சென்கோ என்ற கலைஞர் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று கித்தான்களை ஒரே நிறத்தில் பூசி மாட்டினார். ஓவியம் இதோடு தீர்ந்தது, இனித் தொழிற்சாலைக்குப் போகலாம் என்பது அதன் பொருள்.

நான்காவது வகுப்பைத் தொழிற்சாலைக்கும் முடிவுக்கும் வையுங்கள். துணி பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

பலகைவேலை எழுதியது:

பயிற்சிக்கு ரோட்சென்கோவின் தொங்கும் கட்டுமானம்தான் சரி. 1920-21-இல் வட்டம், முக்கோணம், சதுரம், அறுகோணம், நீள்வட்டம் என்று ஒரு வரிசை செய்தார். 1921 மே மாதம் மாஸ்கோவில் நடந்த இளம் கலைஞர்கள் கண்காட்சியில் அவை கம்பியில் தொங்கும் புகைப்படம் உண்டு. நீள்வட்டம் மட்டும் அசலாகத் தப்பியிருக்கிறது, இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிளைவுட், அலுமினியம் பெயின்ட், கம்பி. அவ்வளவுதான்.

ஒரு பலகையை உள்ளுக்குள் உள்ளாக வளையங்களாக அறுத்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் திருப்பிக் கம்பியால் நிறுத்தினால் தட்டையான பலகை வெளியில் விரிந்துவிடும். எடுத்து மடித்தால் மறுபடி பலகை. ஒட்டுவது இல்லை, பீடம் இல்லை. பலகையில் ஏறக்குறைய எதுவும் வீணாகவில்லை. "தேவைக்கு மேல் ஒன்றும் கூடாது" என்பதை வாயால் சொல்வதைவிட இதைச் செய்யவிட்டால் பத்து நிமிடத்தில் புரியும்.

இருபது பேருக்கு நான்கு பேர் குழுவாக ஐந்து கட்டுமானம் போதும். முதல் தடவைக்கு வட்டம் எடுங்கள்: 3 மில்லிமீட்டர் தடித்த அட்டை, 50 சென்டிமீட்டர் விட்டம், வளையத்தின் அகலம் 2 சென்டிமீட்டர், எட்டு வளையம். நடுவில் மிஞ்சும் 18 சென்டிமீட்டர் வட்டத்தைக் கடைசித் துண்டாக வைத்துக்கொள்ளலாம். அறுப்பதற்கு முன்பே இரண்டு பக்கமும் அலுமினியம் பெயின்ட் அடித்துக் காயவிடுங்கள். கேட்டுக்கு அடிக்கும் அதே பெயின்ட்தான். அட்டையில் ஒரு பக்கம் மட்டும் அடித்தால் வளைந்துவிடும். அறுத்த பிறகு அடித்தால் ஓரங்களில் வழிந்து வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டும்.

பிளைவுட்டில் செய்வதானால் 4 மில்லிமீட்டர் பலகையும் மெல்லிய பிளேடு போட்ட ஜிக்சாவும். பிளேடு நுழைய ஒவ்வொரு கோட்டிலும் 3 மில்லிமீட்டர் துளை போட வேண்டும். அந்தத் துளையை எங்கே போடுகிறீர்கள் என்பது முக்கியம். வளையங்கள் எந்த அச்சில் திரும்பப் போகின்றனவோ அந்த அச்சின் முனையில், கோட்டின் மேலேயே போடுங்கள். அறுத்த பின் இரண்டு வளையத்திலும் அரைத்துளை மிஞ்சும், கம்பி அதில் உட்கார்ந்துகொள்ளும். கண்ட இடத்தில் போட்டால் பல் விழுந்த மாதிரி நிற்கும், மறைக்க முடியாது.

நீள்வட்டம் செய்ய ஆசைப்பட்டால் ஒரு எச்சரிக்கை. 80-க்கு 60 சென்டிமீட்டர் நீள்வட்டத்துக்கு இரண்டு ஆணி 52.9 சென்டிமீட்டர் இடைவெளியில், அவற்றில் முனைகளைக் கட்டிய 80 சென்டிமீட்டர் நூல். வெளிக்கோடு சரியாக வரும். ஆனால் உள்வளையத்துக்கு ஆணியை அசைக்காமல் நூலை மட்டும் குறைத்தால் வளையம் சம அகலமாக வராது. நீண்ட முனைகளில் மெலிந்தும், பக்கவாட்டில் தடித்தும் போகும், உள்ளே போகப் போக நசுங்கிய கோடாகிவிடும். சம அகலம் வேண்டுமென்றால் வெளிக்கோட்டை மட்டும் நூலால் போட்டுவிட்டு, காம்பஸை 2 சென்டிமீட்டரில் வைத்து ஓரத்தை ஒட்டி நெடுக உள்ளே புள்ளி வைத்து வாருங்கள்.

தொங்கவிட கட்டுக்கம்பி போதும். அடுத்தடுத்த வளையத்தை 20 பாகை வீதம் திருப்புங்கள். எல்லாவற்றையும் ஒரே பக்கமாகத் திருப்பினால் சுருள் மாதிரி ஓடும். பிளைவுட் வளையத்தின் அகலம் 1 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் நார் குறுக்கே ஓடும் இடத்தில் முறியும். முறிந்ததை ஒட்டித் தொங்கவிட வேண்டாம். எங்கே, ஏன் முறிந்தது என்று பார்க்கச் சொல்லுங்கள். பொருள் எவ்வளவு தாங்கும் என்று பொருளிடமே கேட்பதுதான் இவர்கள் சொன்ன "ஃபக்தூரா"வின் (பொருளின் இயல்பை மதித்துக் கையாள்வது) பாதி.

கடைசியாக ஒரு விளக்கை மட்டும் வைத்து மற்றதை அணைத்துவிடுங்கள். அலுமினியம் பூச்சு எதற்கு என்று தானே தெரியும்.

நூற்கண்டு எழுதியது:

அச்சுமை சொன்ன வரிசை நல்ல வரிசை, ஒரு இடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு மூலைகளிலிருந்து தொடங்கினால் இந்தக் கலை 1915-இல் திடீரென்று முளைத்த மாதிரி ஆகிவிடும். ஓவியர்கள் கொஞ்சரோவாவும் லரியோனவும் அதற்கு முன்பே நாட்டுப்புற மர அச்சுப் படங்களையும் கடைப் பலகைகளையும் புனிதர் படங்களையும் எடுத்து வேலை செய்துவிட்டார்கள். 1912-இல் வந்த எதிர்காலவாதிகளின் "பொது ரசனையின் கன்னத்தில் ஓர் அறை" தொகுப்புக்குச் சாக்குத் துணியில் அட்டை. 1917-க்கு முன்பே வடிவப் புரட்சி முடிந்துவிட்டது. அரசியல் புரட்சி இந்தக் கலையை உண்டாக்கவில்லை, அதற்குச் சுவரும் ரயில் பெட்டியும் அச்சகமும் கொடுத்தது. பாடத்தில் அடிக்கடி தலைகீழாகச் சொல்லப்படுவது இதுதான்.

இனி துணி. மாஸ்கோவின் முதல் அரசு பருத்தி அச்சுத் தொழிற்சாலைக்கு 1923-24-இல் லியுபோவ் போபவாவும் வர்வாரா ஸ்தெபானவாவும் போனார்கள். தொழிற்சாலைக்குப் போக வேண்டும் என்று பேசியவர்களில் உண்மையாகவே உள்ளே போய்த் தொடர் உற்பத்தியைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. இவர்கள் இருவரும் பார்த்தார்கள். ஸ்தெபானவா வரைந்தது ஏறக்குறைய 150 டிசைன். அச்சுக்குப் போனது இரண்டு டஜன் அளவுதான்.

ஏன் அவ்வளவு குறைவு என்பதை மாணவர்களுக்கு இயந்திரத்தை வைத்து விளக்குங்கள். ரோலர் அச்சில் நிறத்துக்கு ஒரு செம்பு ரோலர் செதுக்க வேண்டும். ரோலரின் சுற்றளவுக்குள் டிசைன் முழு எண்ணிக்கையில் அடங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெட்டு தெரியும். அதனால்தான் இவர்களுடைய டிசைன்களில் வட்டமும் பட்டையும், இரண்டு மூன்று நிறமும். காம்பஸும் அளவுகோலும் வைத்து வரைந்ததால் தொழிற்சாலைக்காரருக்கு அளவு எடுப்பது சுலபம், செதுக்குவதும் மலிவு. ஆனால் வடிவியல் டிசைனுக்கு ஒரு பலவீனம் உண்டு. இரண்டாம் ரோலர் ஒரு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் பூ டிசைனில் தெரியாது, இலைக்குப் பக்கத்தில் நிழல் மாதிரி போய்விடும். நேர்ப்பட்டையில் வெள்ளைக் கீறலாகப் பளிச்சென்று தெரியும். பழைய இயந்திரத்தில் இது ஓயாத தலைவலி. அதோடு வாங்குபவர்கள் பூப்போட்ட சீட்டித் துணிக்குப் பழகியவர்கள்.

சமூக லட்சியம் என்று பொதுவாகப் பேசுவதைவிட, இருவரும் நிர்வாகத்திடம் வைத்த கோரிக்கைகளைப் பலகையில் எழுதுங்கள். உற்பத்தித் திட்டம் போடும் குழுவில் வாக்குரிமை வேண்டும். சாய ஆய்வகத்துக்குள் போய் வேலை செய்ய அனுமதி வேண்டும். தையல் நிலையங்களோடும் இதழ்களோடும் நேரடித் தொடர்பு வேண்டும். விளம்பரத்திலும் கடை ஜன்னல் காட்சியிலும் பங்கு வேண்டும். அதாவது தாளில் படம் வரைந்து கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகும் கலைஞராக இருக்க மாட்டோம் என்றார்கள். நூறு ஆண்டு கழித்தும் வடிவமைப்பாளர்கள் பலர் இதே நான்கைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால் உங்கள் மாணவர்களுக்கு இது உடனே பற்றும்.

போபவா 1924 மே மாதம் செங்காய்ச்சலில் இறந்தார். இந்த முயற்சி அதிகம் நீளாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

துணியோடு ரோட்சென்கோவின் தொழிலாளர் மன்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1925 பாரிஸ் கண்காட்சிக்குச் செய்தது. சிவப்பு, கருப்பு, சாம்பல், வெள்ளை நான்கே நிறம். இரண்டு பேர் எதிரெதிரே உட்காரும் சதுரங்க மேசையில் பலகை திரும்பி வழிவிடும், ஏனென்றால் நாற்காலிகள் மேசையோடு சேர்ந்தவை. வேலை முடிந்து வரும் தொழிலாளி படிக்க, விளையாட, கூட்டம் நடத்த ஒரே அறை. பொருட்கள் அடிமைகளாகவோ அலங்காரமாகவோ இல்லாமல் மனிதனுக்குத் தோழர்களாக இருக்க வேண்டும் என்று பாரிஸிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் சொல்கிறார். ஆனால் மன்றம் கண்காட்சிப் பொருளாகவே நின்றது. மாஸ்கோவில் ஆலைக்கு ஒன்று என்று பெருகவில்லை.

ஏழாம்சுவர் எழுதியது:

முடிவு பற்றி யாரும் தொடவில்லை. "ஸ்டாலின் காலத்தில் நின்றுபோனது" என்ற வரியை மட்டும் தயவுசெய்து அப்படியே விடாதீர்கள். நிறுத்தப்பட்டவர்களும் இருந்தார்கள், தொடர்ந்தவர்களும் இருந்தார்கள். தொடர்ந்த விதம்தான் கடினமான பாடம்.

மாஸ்கோவின் வ்குதெமாஸ் கலைப் பள்ளி 1920-இல் தொடங்கியது, 1927-இல் வ்குதெயின் என்று பெயர் மாறி 1930-இல் மூடப்பட்டது. 1932 ஏப்ரல் 23 ஆணை எல்லாக் கலைக் குழுக்களையும் கலைத்துவிட்டது. மலேவிச் 1930-இல் கைதாகி வெளியே வந்து, 1935-இல் இறந்தார். போட்டோமான்டாஜ் (புகைப்படத் துண்டுகளை வெட்டி ஒட்டிச் செய்யும்) போஸ்டர்களால் ஐந்தாண்டுத் திட்டத்தைப் பரப்பிய லாட்வியரான குஸ்தாவ் க்ளூட்சிஸ் 1938-இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ரோட்சென்கோ 1933-இல் வெண்கடல் கால்வாய்க்குப் போய்ப் புகைப்படம் எடுத்து, "கட்டுமானத்தில் சோவியத் ஒன்றியம்" இதழின் 12-ஆம் எண்ணை வடிவமைத்தார். கைதிகளின் கட்டாய உழைப்பில் வெட்டிய கால்வாய் அது. பலர் அதில் மாண்டார்கள். பக்கங்களைப் பார்த்தால் கோணமும் வெட்டும் ஒட்டும் முதல்தரம். பலகைவேலை சொன்ன தொங்கும் வட்டத்தைச் செய்த அதே கை. அந்த இதழை மாணவர்களுக்குக் காட்டாமல் சமூக லட்சியத்தைப் பேசி முடிப்பது நேர்மையாகாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னும் இரண்டு விஷயம்.

"ரஷ்ய" என்ற அடைமொழியைக் கொஞ்சம் பிரித்துச் சொல்லுங்கள். மலேவிச் பிறந்தது கீவ் நகரில். தாத்லின் வளர்ந்தது கார்கிவில். ஓவியர்கள் லிஸ்ஸித்ஸ்கி, ஷாகால் யூதர்கள். மலேவிச்சின் உனோவிஸ் குழு இருந்த வீதெப்ஸ்க் இன்றைய பெலாரூஸில் இருக்கிறது. 1920-இல் அங்கே வந்த, பின்னாளில் திரைப்பட இயக்குநரான ஐசன்ஸ்டைன், செங்கல் சுவர்களில் வெள்ளை அடித்து அதன்மேல் பச்சை வட்டமும் செம்மஞ்சள் சதுரமும் நீலச் செவ்வகமும் இருந்ததை எழுதியிருக்கிறார். சுப்ரமேட்டிசம் என்ற மலேவிச்சின் வடிவியல் ஓவியமுறை கித்தானிலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்த ஊர் அது. மலேவிச்சுக்கும் மக்களுக்கும் சம்பந்தம் கேட்பவர்களுக்கு வீதெப்ஸ்க்கைக் காட்டலாம்.

இரண்டாவது, இணையத்தில் படம் எடுக்கும்போது கவனம். இந்தக் காலக் கலையில் போலிகள் மிக அதிகம். 1918-க்குப் பிறகு ரோட்சென்கோ பொறுப்பில் இருந்த அருங்காட்சியகப் பிரிவு ஏறக்குறைய 1,900 படைப்புகளை வாங்கி முப்பது ஊர்களுக்கு அனுப்பியது. நல்ல நோக்கம், கலை மாஸ்கோவில் மட்டும் கிடக்கக் கூடாது என்பதற்காக. ஆனால் முப்பதுகளில் அவை கிடங்குக்குப் போய், பதிவுகள் சிதறின. "சிற்றூர் அருங்காட்சியகக் கிடங்கிலிருந்து வந்தது" என்று கதை சொல்லிப் போலி விற்பது அதனால்தான் சுலபம். பெல்ஜியத்தின் கென்ட் நகர அருங்காட்சியகம் 2018-இல் சந்தேகத்துக்குள்ளான இரவல் படங்களைச் சுவரிலிருந்து இறக்க வேண்டி வந்தது. கொலோன் நகரின் லூத்விக் அருங்காட்சியகம் 2020-இல் தன் சேகரிப்பில் இருந்த போலிகளையே அசல்களோடு சேர்த்துக் காட்டியது. ஆய்வகத்தில் பிடிபடுவது பெரும்பாலும் சாயத்தால். 1915 என்று தேதி போட்ட படத்தில் தாலோசயனின் நீலம் இருந்தால் கதை முடிந்தது, அந்தச் சாயம் சந்தைக்கு வந்ததே 1930-களின் நடுவில். த்ரெத்யாகோவ், ரஷ்ய அருங்காட்சியகம், கிரேக்கத்தின் தெசலோனிக்கியில் இருக்கும் கோஸ்தாகிஸ் சேகரிப்பு, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம், இந்த நான்கின் தளங்களிலிருந்து எடுத்தால் பயமில்லை.

தூரிகை_2 எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. வரிசை தெளிவாகிவிட்டது: இரண்டு மூலைகளுக்கு முன்னால் அரை மணி நேரம் கொஞ்சரோவாவும் மர அச்சும், நான்காம் வகுப்பில் துணியும் கால்வாய் இதழும். ஒரு சின்னக் கேள்வி மிச்சம். ஜிக்சா பயன்படுத்த அனுமதி கிடைக்காவிட்டால் கவிஞர் மயகோவ்ஸ்கியின் ரோஸ்தா (ரஷ்யத் தந்திச் செய்தி நிறுவனம்) ஜன்னல் போஸ்டர்களை ஸ்டென்சிலில் செய்யவிடலாமா? அது வெறும் படம் வரையும் வேலையாகிவிடுமோ என்ற தயக்கம்.

அச்சுமை எழுதியது:

தாராளமாகச் செய்யவிடலாம், உற்பத்தி முறையோடு சேர்த்துச் செய்தால். 1919 முதல் 1922 வரை நடந்தது அது. தந்திச் செய்தி வந்ததும் மயகோவ்ஸ்கி வரிகளும் படமும் போடுவார், சரக்கில்லாமல் கிடந்த கடை ஜன்னல்களில் மாட்டுவார்கள். அச்சகத்துக்குத் தாளும் மையும் இல்லாத காலம் என்பதால் அட்டையில் வெட்டி, பசை கலந்த சாயத்தால் நூறு, நூற்றைம்பது பிரதி வரை கையாலேயே அடித்தார்கள். வெட்டிய அட்டையை வெளியூருக்கும் அனுப்பினார்கள்.

இதே நெருக்கடியை வகுப்பில் கொடுங்கள். அன்றைய செய்தித்தாளிலிருந்து ஒரு செய்தி, நான்கு கட்டம், இரண்டு நிறம், குழுவுக்குப் பத்துப் பிரதி, ஒன்றரை மணி நேரம். இருபதாவது நிமிடத்துக்குள் வரைபடம் முடிந்து வெட்ட ஆரம்பித்திருக்க வேண்டும். முதலில் சிக்குவது எழுத்தில்தான்: ட, ப போன்றவை வெட்டுவதற்குப் பிரச்சினையில்லை, ஆனால் ஐ, ஞ, ழ மாதிரி உள்ளே சுழி உள்ள எழுத்துகளில் நடுத்துண்டு உதிர்ந்துவிடும். அங்கங்கே 4 மில்லிமீட்டர் பாலம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். போஸ்டர் கலரைத் தண்ணீர் விடாமல் தயிர்ப் பதத்தில் வைத்து, ஸ்பாஞ்சால் நேராக ஒற்றி எடுக்க வேண்டும். தூரிகையால் பக்கவாட்டில் இழுத்தால் அட்டைக்கு அடியில் ஓடி ஓரம் கசியும். ஐந்தாறு பிரதி போனதும் அட்டை ஊறித் தளரும். வெட்டுவதற்கு முன்பே இரண்டு பக்கமும் மெழுகு தேய்த்துவிட்டால் பத்துப் பிரதியைத் தாண்டித் தாங்கும்.